பாலினம் எங்கே இருக்கிறது?

நான்கு வயதுப் பையன் ஒருவன் பெண்பிள்ளைகள் குத்தும் கிளிப்பைத் தலையில் குத்திக்கொண்டு நர்சரிப் பள்ளிக்குப் போனான். கூடப் படிக்கும் இன்னொரு பையன் அவனை விடவில்லை. நீ பொண்ணுதான், பொண்ணுங்கதான் கிளிப் போடுவாங்க என்று திரும்பத் திரும்பச் சொன்னான். கிளிப் போட்டவனுக்கு அவன் அம்மா ஏற்கெனவே சொல்லிக் கொடுத்திருந்தார்: ஆண் என்றால் ஆணுறுப்பு இருப்பவன், அவ்வளவுதான், முடியும் உடையும் அதில் சேர்த்தியில்லை. அதையே அவன் சொல்லிப் பார்த்தான். எடுபடவில்லை. கடைசியில் கால்சட்டையை இறக்கியே காட்டிவிட்டான். மற்றவன் அசரவில்லை. அது எல்லாருக்கும்தான் இருக்கு, கிளிப் பொண்ணுங்கதான் போடுவாங்க என்றான்.

அந்த அம்மா சாண்ட்ரா பெம், பாலினத்தைப் பற்றி ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர். மகனுக்கு நடந்த இதை அவரே எழுதியிருக்கிறார். எல்லோரும் சிரித்துவிட்டு நகர்ந்துவிடும் கதை. ஆனால் அந்த இரண்டு பையன்களும் உண்மையில் ஒரு கோட்பாட்டுச் சண்டையைத்தான் போட்டிருக்கிறார்கள். ஒருவனுக்கு ஆண் என்பது உடம்பில் இருக்கிறது. மற்றவனுக்கு அது கிளிப்பில் இருக்கிறது. யார் சரி என்று உடனே சொல்லிவிடத் தோன்றும். கொஞ்சம் பொறுக்கலாம். தெருவில் நடந்து போகும் ஒருவரை ஆண் என்றோ பெண் என்றோ நாம் நொடியில் முடிவு செய்கிறோமே, எதைப் பார்த்து? அந்த இரண்டாவது பையன் பார்த்ததைப் பார்த்துத்தான்.

சமூகவியலின் அறிமுகப் பாடநூல்கள் பாலினக் கோட்பாடுகளை ஒரு பட்டியலாகத் தருகின்றன. செயற்பாட்டியம், முரண்பாட்டுக் கோட்பாடு, பெண்ணியம், குறியீட்டு ஊடாட்டவாதம் என்று வரிசையாக, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கம். படிப்பவருக்கு ஏதோ ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும் போலத் தோன்றிவிடுகிறது. என் பார்வையில் இந்தக் கோட்பாடுகள் ஒரே கேள்விக்குப் போட்டிபோடும் விடைகளே இல்லை. ஒவ்வொன்றும் பாலினத்தை வேறு வேறு இடத்தில் தேடுகிறது. ஒன்று குழந்தையின் தலைக்குள் தேடுகிறது, ஒன்று இரண்டு பேருக்கு நடுவில், இன்னொன்று வேலையிடத்திலும் சட்டத்திலும். எங்கே தேடினார்கள் என்று கேட்டுக்கொண்டு படித்தால், அந்தப் பட்டியல் ஒரு தொடர்கதையாக மாறிவிடும்.

முதலில் சொல் பற்றி. தமிழ் இலக்கணத்தில் பால் என்றால் பகுப்பு. ஆண்பால், பெண்பால், பலர்பால், ஒன்றன்பால், பலவின்பால் என ஐந்து. இதில் கடைசி மூன்றுக்கும் உடலின் ஆண் பெண் வேறுபாட்டோடு சம்பந்தமே இல்லை. ஆங்கிலத்தின் ஜெண்டர் என்ற சொல்லும் இலக்கண வகுப்பிலிருந்து வந்ததுதான். வகை என்று பொருள்படும் லத்தீன் சொல் அதன் வேர். அதை மனிதர்களைப் பற்றிய ஆய்வுக்குள் கொண்டுவந்தவர்களில் முக்கியமானவர் ஜான் மணி. இருபாலின் உடற்கூறுகளும் கலந்து பிறந்த குழந்தைகளை ஆராய்ந்தவர். உடல் ஒன்று சொல்ல, வளர்ந்த விதம் இன்னொன்று சொல்ல, இரண்டையும் குறிக்க ஒரே சொல் போதவில்லை என்று 1955இல் 'பாலினப் பாத்திரம்' என்று எழுதினார். 1968இல் மனநல மருத்துவர் ராபர்ட் ஸ்டோலர் அந்தப் பிரிவை இன்னும் தெளிவாக்கினார். அதைச் சமூகவியலுக்குள் பரவலாக்கியது ஆன் ஓக்லி 1972இல் எழுதிய புத்தகம். வீட்டுவேலையைப் பற்றி ஆராயப் போனவர் அவர். பெண்கள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று கேட்டால், பெண்கள் என்பதால் என்ற பதில்தான் திரும்பத் திரும்ப வந்தது. அந்தப் பதிலை உடைக்க அவருக்கு இரண்டு சொற்கள் தேவைப்பட்டன. தமிழில் இப்போது உடல் சார்ந்ததைப் பால் என்றும், சமூகம் சார்ந்ததைப் பாலினம் என்றும் எழுதும் வழக்கம் வந்திருக்கிறது. விண்ணப்பப் படிவங்கள் இன்னும் இரண்டையும் கலந்தடிக்கின்றன, அது வேறு கதை.

சொல் வருவதற்கு முன்பே எண்ணம் வந்துவிட்டது. ஒருவர் பெண்ணாகப் பிறப்பதில்லை, பெண்ணாக ஆகிறார் என்று சிமோன் த பொவார் எழுதியது 1949இல். அதற்கும் முன்னால், 1935இல், மானிடவியலாளர் மார்கரெட் மீட் நியூ கினியாவின் மூன்று சமூகங்களைப் பற்றி எழுதினார். அராபெஷ் மக்களில் ஆணும் பெண்ணும் மென்மையானவர்கள், முண்டுகுமோரில் இருவரும் மூர்க்கமானவர்கள், சாம்புலியில் பெண்கள் காரியக்காரர்கள், ஆண்கள் அலங்காரப் பிரியர்கள். அப்படியானால் குணம் உடம்போடு வருவதில்லை என்பது அவர் முடிவு. இது இன்றும் பாடநூல்களில் அப்படியே வருகிறது. அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது என்பேன். கூடவே களப்பணி செய்த, அப்போது அவருடைய கணவராக இருந்த ரியோ ஃபார்ச்சூன், அராபெஷ் மக்களிடையே போர் இருந்தது என்று 1939இல் எழுதினார். சாம்புலி மக்களிடம் பின்னாளில் போன டெபோரா கெவெர்ட்ஸ், மீட் பார்த்தது அந்த மக்களின் வரலாற்றில் ஒரு தனித்த கட்டத்தை, அதை நிரந்தர ஏற்பாடாக எடுத்துக்கொண்டார் என்று காட்டினார். மீட் எழுப்பிய கேள்வி நின்றது. அவர் கொடுத்த சான்று அவ்வளவு திடமாக நிற்கவில்லை.

1950களில் அமெரிக்கச் சமூகவியலில் பெரிய குரல் டால்கட் பார்சன்ஸ். ஓர் ஏற்பாடு நிலைப்பது சமூகத்துக்கு அது ஏதோ பயன் தருவதால்தான் என்னும் செயற்பாட்டியத்தின் முகம் அவர். குடும்பத்தில் இரண்டு வகைப் பாத்திரங்கள் தேவை என்றார்: வெளியே போய்க் காரியம் சாதிப்பது ஒன்று, உள்ளே உணர்வுகளைப் பேணுவது இன்னொன்று. முதலாவது தந்தைக்கு, இரண்டாவது தாய்க்கு. இது எங்கிருந்து வந்தது என்பதுதான் சுவாரசியம். அவரோடு 1955இல் சேர்ந்து எழுதிய ராபர்ட் பேல்ஸ், சிறு குழுக்களை உட்காரவைத்து விவாதிக்கச் சொல்லி ஆராய்ந்தவர். எந்தக் குழுவிலும் வேலையை முன்னே தள்ளும் ஒருவரும், மனக்கசப்பைத் தணிக்கும் ஒருவரும் தனித்தனியே உருவாவதைக் கண்டார். அந்தக் கண்டுபிடிப்பைத் தூக்கி அப்படியே குடும்பத்தின் மேல் வைத்தார்கள். விவாதக் குழுவில் யார் எந்தப் பாத்திரத்துக்குப் போவார் என்பது முன்கூட்டித் தெரியாது. குடும்பத்தில் மட்டும் அது பிறந்த நாளிலேயே தெரிந்துவிடுகிறதே, ஏன்? அங்கேதான் கோட்பாடு வாயடைத்து நிற்கிறது. ஓர் ஏற்பாடு பயன் தருகிறது என்று காட்டுவது எளிது. யாருக்குப் பயன், யார் செலவில் என்ற கேள்வியைப் பெண்ணியவாதிகள் கேட்டபோது, செயற்பாட்டியத்திடம் பதில் இருக்கவில்லை.

சரி, குழந்தையிடம் திரும்புவோம். பாத்திரம் என்று ஒன்று இருந்தால், குழந்தை அதை எப்படிக் கற்கிறது?

முதல் விடை, பெரியவர்கள் கற்றுக்கொடுக்கிறார்கள் என்பது. 1974இல் வந்த ஓர் ஆய்வில், குழந்தை பிறந்து 24 மணி நேரத்துக்குள் 30 தம்பதியரிடம் பேசினார்கள். எடையிலும் நீளத்திலும் ஆண் பெண் குழந்தைகளுக்குள் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பெற்றோருக்கோ பெண் குழந்தை மென்மையாக, சிறியதாக, நேர்த்தியான முகத்தோடு தெரிந்தது. 1976இல் இன்னொன்று: ஒன்பது மாதக் குழந்தை ஒன்று, திறந்தால் பொம்மை துள்ளி எழும் பெட்டியைப் பார்த்துக் கலங்கும் காட்சியை 200க்கும் மேற்பட்டவர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். அது ஆண் குழந்தை என்று சொல்லப்பட்டவர்கள் அந்தக் கலக்கத்தில் கோபத்தைக் கண்டார்கள். பெண் என்று சொல்லப்பட்டவர்கள் பயத்தைக் கண்டார்கள். ஒரே படம், ஒரே அழுகை. 2000இல் வந்த ஆய்வு எனக்கு இன்னும் பிடித்தது. 11 மாதக் குழந்தைகள் சரிவான பலகையில் தவழ்ந்து இறங்க வேண்டும். எவ்வளவு சரிவு வரை உன் பிள்ளை இறங்கும் என்று தாய்மார்களைச் சாய்வை வைத்துக் காட்டச் சொன்னார்கள். மகன்களின் தாய்மார்கள் கூடுதலாகவும், மகள்களின் தாய்மார்கள் குறைவாகவும் கணித்தார்கள். இறங்கிக் காட்டியதில் பிள்ளைகளுக்குள் வேறுபாடு இல்லை.

இதைப் படித்தவுடன் எல்லாம் பெற்றோர் செய்த வேலை என்று முடித்துவிட ஆசை வரும். நிறையப் பேர் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆனால் 1991இல் ஹியூ லிட்டனும் டேவிட் ராம்னியும் 172 ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டுப் பார்த்தபோது, மகனையும் மகளையும் பெற்றோர் நடத்தும் விதம் பெரும்பாலான விஷயங்களில் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. பாசம், கண்டிப்பு, பேச்சு எல்லாமே. வட அமெரிக்க ஆய்வுகளில் தெளிவாகத் தென்பட்ட ஒரே வேறுபாடு, பையனுக்கு ஏற்ற விளையாட்டு, பெண்ணுக்கு ஏற்ற விளையாட்டு என்று ஊக்குவிப்பதில்தான். பெற்றோரை மட்டும் குற்றக்கூண்டில் ஏற்றினால் வழக்கு நிற்காது.

இரண்டாவது விடை குழந்தையையே தொழிலாளி ஆக்குகிறது. பாராட்டும் தண்டனையும், பார்த்துப் பின்பற்றுவதும் பிள்ளையை உருவாக்குகின்றன என்பது முதல் விடையின் பின்னால் இருக்கும், உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா வழி வந்த சமூகக் கற்றல் கோட்பாடு. இன்னொரு உளவியலாளர் லாரன்ஸ் கோல்பெர்க் 1966இல் அந்த வரிசையைத் தலைகீழாக்கினார். பையன்களுக்கானதைச் செய்தால் பாராட்டுக் கிடைக்கிறது, அதனால் நான் பையனாக இருக்க விரும்புகிறேன் என்பது கற்றல் கோட்பாட்டின் பையன். நான் பையன், அதனால் பையன்களுக்கானதைச் செய்ய விரும்புகிறேன், அதைச் செய்ய வாய்ப்புக் கிடைப்பதே பரிசு என்பது கோல்பெர்க்கின் பையன். இரண்டு மூன்று வயதில் தன்னை ஆண் பெண் என்று பெயரிடத் தெரிகிறது. வளர்ந்தாலும் அது மாறாது என்பது கொஞ்சம் கழித்துப் பிடிபடுகிறது. முடியையும் உடையையும் மாற்றினாலும் மாறாது என்பது ஆறு ஏழு வயதில்தான் உறுதிப்படுகிறது. கிளிப் சண்டையில் இரண்டாவது பையன் ஏன் அப்படிப் பேசினான் என்பதற்கு இதுவே விளக்கம். ஆனால் இந்த உறுதி வருவதற்கு வெகு முன்பே பிள்ளைகள் பொம்மைகளை ஆண் பெண் என்று பிரித்து எடுக்கத் தொடங்கிவிடுகிறார்கள். அங்கே கோல்பெர்க்கின் ஏணி ஆடுகிறது.

பெம் 1981இல் கேட்ட கேள்வி இவர்கள் இருவரும் கேட்காதது. பிள்ளை வகைப்படுத்திப் பார்க்கிறது, சரி. ஏன் ஆண் பெண் என்று வகைப்படுத்துகிறது? உயரம், கண் நிறம், முடிச்சுருள் என்று எத்தனையோ வேறுபாடுகள் கண்ணெதிரே இருக்கின்றனவே. காரணம், பெரியவர்களின் உலகம் எல்லாவற்றையும் இந்த ஒரு கோட்டின் மேல்தான் அடுக்கி வைத்திருக்கிறது. குழந்தை அதைக் கவனித்துத் தன் மனச்சட்டகத்தை அமைத்துக்கொள்கிறது என்றார். இதைச் சோதித்தவர் ரெபேக்கா பிக்லர். 1997இல் அவரும் சகாக்களும் வெளியிட்ட ஆய்வில், பள்ளிப் பிள்ளைகளுக்கு நீலம், மஞ்சள் டிஷர்ட் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியர்கள் நிறத்தைச் சொல்லியே அழைத்தார்கள், நிறப்படியே உட்காரவைத்தார்கள். மற்ற வகுப்புகளில் அதே டிஷர்ட்தான், ஆனால் ஆசிரியர் நிறத்தைக் கண்டுகொள்ளவில்லை. சில வாரங்களில் முதல் வகைப் பிள்ளைகளிடம் எங்கள் நிறம்தான் உசத்தி என்ற எண்ணம் வந்துவிட்டது. இரண்டாவது வகையில் வரவில்லை. நீலம் நல்லது என்றோ மஞ்சள் மட்டம் என்றோ எந்த ஆசிரியரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வரிசையில் நிற்கவைத்தார்கள், அவ்வளவுதான். ஆண்பிள்ளைகள் இந்தப் பக்கம், பெண்பிள்ளைகள் அந்தப் பக்கம் என்று சொல்லும் ஒவ்வொரு காலைப் பிரார்த்தனையையும் அதற்கப்புறம் என்னால் பழையபடி கேட்க முடியவில்லை.

இதுவரை வந்த எல்லாக் கோட்பாடுகளுக்கும் பொதுவான ஒரு நம்பிக்கை உண்டு. பாலினம் சிறுவயதில் உள்ளே போடப்படுகிறது. போட்டதும் அங்கேயே தங்கிவிடுகிறது. அப்புறம் வாழ்நாள் முழுக்க அது தானாக ஓடும். இந்த நம்பிக்கையை உடைத்தது ஒரு பத்தொன்பது வயதுப் பெண்ணின் கதை.

1958இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவ மையத்துக்கு ஒரு பெண் வந்தார். ஆய்வில் அவருக்கு இட்ட பெயர் ஆக்னஸ். தோற்றத்தில் முழுக்கப் பெண், பிறப்புறுப்பு மட்டும் ஆணுடையது. 17 வயதுவரை பையனாக வளர்க்கப்பட்டவர். பருவ வயதில் தானாகவே பெண்ணுடல் வந்துவிட்டது என்று சொன்னார். அறுவை சிகிச்சை வேண்டும் என்பது அவர் கோரிக்கை. ஸ்டோலரும், சமூகவியலாளர் ஹெரால்ட் கார்ஃபிங்கலும் அவரோடு நீண்ட நேரம் பேசினார்கள். 1959இல் அறுவை சிகிச்சையும் நடந்தது.

மருத்துவர்களுக்கு ஆக்னஸின் உடல் புதிர். கார்ஃபிங்கலுக்கு அவருடைய அன்றாடம்தான் புதையல். மற்றப் பெண்கள் சிறுவயதிலிருந்து அறியாமலே பழகியதை, இவர் இரண்டு மூன்று வருடத்தில், யாருக்கும் தெரியாமல், வேலை செய்துகொண்டே கற்க வேண்டியிருந்தது. கற்பதையும் மறைக்க வேண்டியிருந்தது. காதலனின் தாயார் சமையல் சொல்லிக்கொடுத்தபோது, சமையலோடு அந்த வீட்டின் மருமகள் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துப் படித்தார். காதலன் வேறொரு பெண்ணைக் குறை சொல்லும்போது, அந்தக் குறை தன்னிடம் இருக்கக் கூடாது என்று மனத்தில் குறித்துக்கொண்டார். பெண்ணாக இருப்பது அவருக்கு இடைவிடாத வேலையாக இருந்தது. கார்ஃபிங்கல் கேட்டார்: மற்றவர்களுக்கு மட்டும் அது வேலை இல்லையா? வேலைதான். பழகிப்போனதால் வேலையாகத் தெரிவதில்லை. 1967இல் வெளியான அவர் நூலில் ஆக்னஸுக்கு ஒரு முழு அத்தியாயம் உண்டு.

கதைக்கு ஒரு வால் இருக்கிறது. சில வருடங்கள் கழித்து ஆக்னஸ் மருத்துவர்களிடம் உண்மையைச் சொன்னார். உடல் தானாக மாறவில்லை. 12 வயதிலிருந்து தாய்க்கு வாங்கிய ஈஸ்ட்ரோஜன் மாத்திரைகளை எடுத்து விழுங்கிவந்திருக்கிறார். கார்ஃபிங்கல் அதைத் தன் நூலின் பின்னிணைப்பில் ஒளிக்காமல் எழுதினார். நிபுணர்கள் குழு ஒன்றே ஏமாந்ததாக இதைச் சிலர் படிக்கிறார்கள். எனக்கோ கார்ஃபிங்கலின் வாதத்துக்கு இதைவிட நல்ல சான்று தெரியவில்லை. எந்தக் கதை சொன்னால் மருத்துவம் தன்னைப் பெண்ணாக ஒப்புக்கொள்ளும் என்பதையும் ஆக்னஸ் கற்றிருந்தார்.

சமூகவியலாளர் எர்விங் காஃப்மன் 1977இல் இதே பார்வையைக் கட்டடங்கள் பக்கம் திருப்பினார். பொதுக் கழிப்பறைகள் ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. உடல் வேறு என்பதால் இப்படி என்று விளக்கம் சொல்கிறோம். அதே ஆணும் பெண்ணும் வீட்டில் ஒரே கழிப்பறையைத்தான் பயன்படுத்துகிறார்கள். வேறுபாட்டின் விளைவு என்று நாம் நினைக்கும் ஏற்பாடு, அந்த வேறுபாட்டுக்கு மரியாதை செய்வதாகவும், ஏன், அதை உண்டாக்குவதாகவும் இருக்கலாம் என்றார். அவருடைய உயரம் பற்றிய கவனிப்பு இன்னும் கூர்மையானது. ஆண்களின் சராசரி உயரம் அதிகம், ஆனாலும் பல பெண்கள் பல ஆண்களைவிட உயரம். கண்ணை மூடிக்கொண்டு ஜோடி சேர்த்தால் மனைவி உயரமான ஜோடிகள் நிறைய வரும். நாம் அப்படிச் சேர்ப்பதில்லை. ஆண் உயரமாக இருக்கும்படி தேர்ந்தெடுத்துச் சேர்க்கிறோம். பிறகு எந்தத் தம்பதியைப் பார்த்தாலும் ஆண் பெரிய உருவம், பெண் சின்ன உருவம் என்பது இயற்கையின் சட்டம்போலக் காட்சி தருகிறது.

இந்த இழைகளை முறுக்கிக் கயிறாக்கியது காண்டேஸ் வெஸ்ட், டான் ஜிம்மர்மன் இருவரும் 1987இல் எழுதிய கட்டுரை. பாலினம் நம்மிடம் இருக்கும் பொருள் இல்லை, நாம் செய்யும் செயல் என்றார்கள். அதைவிட முக்கியமாக நான் கருதுவது அவர்கள் வைத்த இன்னொரு சொல்: பதில் சொல்ல வேண்டிய நிலை. ஒருவர் விதிப்படி நடக்க வேண்டும் என்றில்லை. மீறலாம். ஆனால் எதைச் செய்தாலும், ஒரு பெண்ணாக இதைச் செய்தாய், ஒரு ஆணாக இதைச் செய்தாய் என்று யாராவது கணக்குக் கேட்கலாம் என்பது தெரிந்தே செய்கிறோம். அழும் ஆணிடமும் குரல் உயர்த்தும் பெண்ணிடமும் விளக்கம் கேட்கப்படுகிறது. குரல் உயர்த்தும் ஆணிடம் ஏன் கத்துகிறாய் என்று கேட்பார்கள், ஆணாக இருந்துகொண்டா என்று கேட்பதில்லை. முழுப் பாலின ஒழுங்கும் இந்தச் சின்ன விசாரணையில்தான் உயிர்வாழ்கிறது. கிளிப் போட்ட பையன் நின்றதும் இதே விசாரணையில்தான்.

மெய்யியலாளர் ஜூடித் பட்லரை இதோடு சேர்த்துப் படிப்பது வழக்கம். 1990இல் அவர் வைத்த நிகழ்த்துதல் என்ற கருத்தைக் கேட்டதும் பலருக்கு நாடக மேடை ஞாபகம் வந்துவிடுகிறது: உள்ளே நடிகர், வெளியே வேடம். அவர் சொன்னது நேர் எதிர். வேடத்துக்கு அடியில் நடிகர் ஒருவர் முன்கூட்டியே காத்திருக்கவில்லை. திரும்பத் திரும்பச் செய்வதன் வழியாகத்தான் செய்பவரே உருவாகிறார். காலையில் எழுந்து அலமாரியைத் திறந்து இன்றைக்கு எந்தப் பாலினம் என்று எடுத்து மாட்டிக்கொள்வதாக நான் சொல்லவில்லை என்று 1993இல் அவரே விளக்க வேண்டிவந்தது. மெய்யியல் பின்புலம் இல்லாமல் அவர் நூல்களுக்குள் போவது கடினம். முதல் வாசிப்புக்கு வெஸ்ட், ஜிம்மர்மன் கட்டுரையே போதும்.

ஆனால் இங்கேயும் ஒரு ஓட்டை. பாலினம் இரண்டு பேருக்கு நடுவில் நடப்பது என்றால், அவர்கள் இருவரும் நாளைக்கே அதை நிறுத்திவிடலாமே? சமூகவியலாளர் ஆர்லி ஹாக்ஷீல்ட் 1989இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு தம்பதி வருகிறார்கள். இருவருக்கும் வேலை உண்டு. வீட்டுவேலையைச் சமமாகப் பகிர வேண்டும் என்பதில் மனைவிக்குத் திடமான கொள்கை. வருடக்கணக்கில் சண்டை. கடைசியில் ஒரு சமரசம்: மாடி முழுக்க அவள் பொறுப்பு, கீழ்த்தளம் அவன் பொறுப்பு. பாதிக்குப் பாதி. மாடி என்பது சமையலறை, கூடம், படுக்கையறைகள். கீழ்த்தளம் என்பது கார் நிறுத்தும் அறையும் பட்டறையும். நாயும் அவன் கணக்கில். இப்போது எங்களுக்குள் சமம் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். எளிதில் கேலி செய்துவிடலாம். ஆனால் மனைவியின் நிலையில் நின்று பார்த்தால், கொள்கையை விட வேண்டும், அல்லது திருமணத்தை விட வேண்டும் என்ற இடத்தில் ஒரு கதையை உண்டாக்கிக்கொண்டார். விவாகரத்தான பெண்ணின் வருமானமும் நிலைமையும் என்ன ஆகும் என்று வெளியே இருந்த உலகம்தான் அந்தக் கதையை எழுதவைத்தது.

அந்த வெளியுலகத்தைத்தான் கட்டமைப்பு என்கிறார்கள். ஜோன் ஆக்கர் 1990இல் எழுதியது நேரடியானது: வேலை என்று ஒன்றை வரையறுக்கும்போதே, அதைச் செய்பவருக்கு உடம்பு இல்லை, குழந்தை இல்லை, வயதான பெற்றோர் இல்லை, எந்த நேரமும் வரலாம் என்று வைத்துக்கொள்கிறோம். அப்படி ஒருவர் இருக்க வேண்டுமானால், அவருடைய வீட்டைக் கவனிக்க இன்னொருவர் இருந்தாக வேண்டும். வேலை விதிகளில் ஆண் என்ற சொல்லே இருக்காது. இருக்கத் தேவையில்லை. ரேவின் கானல் ஆண்மையையும் இதே வழியில் பிரித்துப் பார்த்தார். ஆண்மை ஒன்றில்லை, பல. அவற்றில் ஒன்று மேலாதிக்கம் செய்கிறது. அந்த உச்ச வடிவத்தை வாழ்பவர்கள் கொஞ்சம் பேர்தான், ஆனால் அது இருப்பதால் கிடைக்கும் பங்குலாபத்தைப் பெரும்பாலான ஆண்கள் பெற்றுக்கொள்கிறார்கள்.

பாலினத்தைத் தனியாக வெட்டி எடுத்துப் பார்க்கலாமா என்பதே அடுத்த சிக்கல். ஜெனரல் மோட்டார்ஸ் மீது கறுப்பினப் பெண்கள் ஐந்து பேர் போட்ட வழக்கை 1976இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தள்ளியது. நிறுவனம் பெண்களை வேலைக்கு எடுத்திருக்கிறது, ஆகவே பால் பாகுபாடு இல்லை என்பது வாதம். அந்தப் பெண்கள் எல்லாம் அலுவலக வேலையில் இருந்த வெள்ளையர்கள். கறுப்பினத்தவரையும் எடுத்திருக்கிறது, அவர்கள் தொழிற்சாலையில் இருந்த ஆண்கள். கறுப்பினப் பெண் என்று தனி வகை சட்டத்தில் இல்லை. சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் இந்த வழக்கை எடுத்துக்காட்டித்தான், இனமும் பாலினமும் ஒருவர் மேல் ஒன்றையொன்று வெட்டிச் சேர்ந்தே விழும் என்னும் குறுக்குவெட்டு என்ற கருத்தை முன்வைத்தார். இன்னும் ஒரு படி போனவர் நைஜீரியச் சமூகவியலாளர் ஓயேரோங்கே ஓயேவூமி. காலனி ஆட்சிக்கு முந்தைய யோருபா சமூகத்தில் அடிப்படைக் கோடு ஆண் பெண் கோடு இல்லை, மூத்தவர் இளையவர் என்ற கோடுதான் என்று 1997இல் வாதிட்டார். யோருபா மொழியின் பிரதிப்பெயர்களில் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. மொழியில் இல்லை என்பதால் அதிகாரத்திலும் இல்லை என்று சொல்லிவிட முடியுமா என்று ஆப்பிரிக்க அறிஞர்களே அவரை மறுத்தார்கள். அந்த மறுப்பில் நியாயம் உண்டு என்றே நினைக்கிறேன். ஆனாலும் எங்கும் பெண் என்ற வகை முன்கூட்டியே இருக்கும் என்று நம்பிக்கொண்டு ஆராயப் போகக் கூடாது என்ற எச்சரிக்கை மதிப்புள்ளது.

உடம்பு எங்கே போயிற்று என்று இந்நேரம் கேட்டிருப்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஜான் மணியின் பெயரைக் கெடுத்ததும் அதுவே. 1960களில் கனடாவில் இரட்டை ஆண் குழந்தைகளில் ஒன்றுக்கு விருத்தசேதனம் செய்யும்போது ஆணுறுப்பு சேதமாகிவிட்டது. மணியின் ஆலோசனைப்படி அந்தக் குழந்தையைப் பெண்ணாக வளர்த்தார்கள். வெற்றி என்று மணி எழுதினார். அதை நம்பிப் பாடநூல்களும் எழுதின. 1997இல் உண்மை வெளியே வந்தது: அந்தக் குழந்தை ஒருநாளும் பெண்ணாக ஒப்பவில்லை, பதின்வயதிலேயே ஆணாக வாழத் திரும்பிவிட்டது. 2004இல் அவர் தற்கொலை செய்துகொண்டார். வளர்ப்பு எதையும் எழுதக்கூடிய வெற்றுப் பலகை மனிதன் என்ற எண்ணத்துக்கு அங்கேயே முற்றுப்புள்ளி விழுந்திருக்க வேண்டும்.

அதனால் உடனே எல்லாம் ஹார்மோன்தான் என்று மறுபக்கம் ஓடுவதும் சரியில்லை. அட்ரீனல் சுரப்பிக் கோளாறால் கருப்பையிலேயே ஆண் ஹார்மோன் அதிகம் பட்ட பெண்பிள்ளைகள், சராசரியாக, பையன்களின் பொம்மைகளைக் கூடுதலாக விரும்புகிறார்கள். இது பலமுறை உறுதியான கண்டுபிடிப்பு. எந்தப் பொம்மை பையனுடையது என்று ஹார்மோனுக்கு எப்படித் தெரியும்? மெலிசா ஹைன்ஸ் குழு 2016இல் வெளியிட்ட ஆய்வில் இதற்கு ஒரு குறிப்புக் கிடைக்கிறது. ஆண் பெண் அடையாளமே இல்லாத பொதுப் பொருள்களைக் கொடுத்து, இது பெண்களுக்கானது என்று சொன்னால், மற்றப் பெண்பிள்ளைகள் அதன் பக்கம் சாய்ந்தார்கள். இந்தப் பிள்ளைகளிடம் அந்தச் சாய்வு குறைவு. ஹார்மோன் ஒரு விருப்பத்தை நேராகப் பதித்ததோடு, சமூகத்தின் குறிப்பைக் கேட்கும் காதையும் கொஞ்சம் மாற்றியிருக்கிறது போலும். எத்தனை சதவீதம் இயற்கை, எத்தனை சதவீதம் வளர்ப்பு என்று கேட்பது, ஒரு செவ்வகத்தின் பரப்பில் நீளத்தின் பங்கு எவ்வளவு, அகலத்தின் பங்கு எவ்வளவு என்று கேட்பதைப் போலத்தான்.

அடுத்து, வேறுபாடு எவ்வளவு பெரியது என்பதையும் பார்க்க வேண்டும். உளவியல் வேறுபாடுகள் பற்றிய 46 தொகுப்பாய்வுகளை, அதாவது பல ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்கிட்டவற்றை, உளவியலாளர் ஜேனட் ஹைட் 2005இல் அடுக்கிப் பார்த்தார். அளக்கப்பட்ட வேறுபாடுகளில் 78 சதவீதம் சிறியவை, அல்லது பூஜ்யத்தை ஒட்டியவை. இவ்வளவு சின்ன வேறுபாட்டின் மேல் இவ்வளவு பெரிய தொழில் பிரிவினை எப்படி நிற்கிறது?

கணினி நிரலெழுதும் தொழிலின் கதை இதற்கு நல்ல உரைகல். கம்ப்யூட்டர் என்ற ஆங்கிலச் சொல் முன்பு ஓர் ஆளைக் குறித்தது: கணக்குப் போடுபவர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்க ராணுவத்துக்கு எறிகணைப் பாதைகளைக் கணக்கிட்டவர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களில் ஆறு பேரைத் தேர்ந்தெடுத்து எனியாக் என்ற ஆரம்பகால மின்னணுக் கணினியை இயக்கும் வேலையைக் கொடுத்தார்கள். இயந்திரத்தைக் கட்டுவது ஆண்களின் பொறியியல். கம்பிகளை மாற்றிச் செருகிக் கணக்கை ஓடவைப்பது குமாஸ்தா வேலை, ஆகவே பெண்களுக்கு. 1946 பிப்ரவரியில் இயந்திரம் பொதுமக்களுக்குக் காட்டப்பட்டபோது அன்றைய செயல்விளக்கம் அந்தப் பெண்களின் நிரலால் ஓடியது. அன்றிரவு விருந்துக்கு அவர்களை அழைக்கவில்லை.

கம்பியைச் செருகுவதுதான் கடினமான பகுதி என்பது பின்னால் புரிந்தது. சம்பளமும் மதிப்பும் ஏறத் தொடங்கின. 1960களில் நிறுவனங்கள் ஆளெடுக்கத் திறன் தேர்வுகளையும் குணத் தேர்வுகளையும் வைத்தன. நல்ல நிரலாளர் என்றால் புதிர்ப் பிரியர், மனிதர்களோடு பழகுவதில் நாட்டமில்லாதவர் என்று ஒரு சித்திரம் உருவானது. வேலை அதேதான், செய்பவரின் முகம் மாறியது. அமெரிக்காவில் கணினியியல் பட்டம் பெற்றவர்களில் பெண்களின் பங்கு 1980களின் நடுவில் 37 சதவீதத்தைத் தொட்டது. அந்தப் பத்தாண்டுகளில்தான் வீட்டுக் கணினி பையன்களின் விளையாட்டுச் சாமானாக விளம்பரத்தில் வந்துகொண்டிருந்தது. 2010 வாக்கில் அந்தப் பங்கு 18 சதவீதத்துக்கு இறங்கியிருந்தது. அதே காலத்தில் மருத்துவத்திலும் சட்டத்திலும் பெண்களின் பங்கு ஏறிக்கொண்டே போனது.